கதிரை, இடுப்பு, பேராசிரியர் பதவி: ஸ்பானிய–போர்த்துக்கீசிய மேற்படிப்பின் இரட்டைப் பிளவு

யாழ்ப்பாணத்து வீடுகளில் வந்தவரை உட்காரச் சொல்லி இழுத்துப் போடும் கதிரை, போர்த்துக்கீசியரின் ‘கதெய்ரா’விலிருந்து வந்த சொல். கதெய்ராவுக்குத் தாய் இலத்தீனின் ‘கதெத்ரா’. இலத்தீனுக்கு அது கிரேக்கம் தந்தது. அதே இலத்தீன் சொல் ஸ்பானியத்தில் ‘கதேரா’ என்று உருமாறியது. பழைய ஸ்பானியத்தில் கதேராவும் நாற்காலிதான். பிறகு உட்காரும் பொருளின் பெயர் உட்காரும் உறுப்புக்கு நகர்ந்துவிட்டது. இன்று கதேரா என்றால் இடுப்பு. நாற்காலிக்கு வேறு சொல் வந்துவிட்டது. இதற்கிடையே கற்றவர்கள் இலத்தீன் ஏட்டிலிருந்து அதே சொல்லை இரண்டாம் முறை எடுத்தார்கள். அது ‘காத்தெத்ரா’, அதாவது பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி. போர்த்துக்கீசியத்தில் இந்தப் பிரிவினை இவ்வளவு தெளிவாக நடக்கவில்லை. கதெய்ரா நாற்காலியையும் குறிக்கும், பல்கலைக்கழகப் பாடத்தையும் குறிக்கும். பன்மையில் சொன்னால் இடுப்பையும் குறிக்கும்.

இந்த ஒரு சொல்லின் கதையை முழுதாகச் சொல்ல ஒரு மாணவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? இரு மொழிகளின் ஒலி வரலாறு, பழைய நூல்களில் அச்சொல் வரும் இடங்கள், அது கடல் கடந்து போய்ச் சேர்ந்த மூன்றாவது மொழி. உலகின் பல பல்கலைக்கழகங்களில் ‘ஸ்பானிய, போர்த்துக்கீசியத் துறை’ என்ற பெயரில், இலக்கியம், மொழியியல் என இரு பிரிவுகளோடு, முதுகலைப் பட்டமும் முனைவர் பட்டமும் வழங்கும் துறைகள் உள்ளன. பெயரைப் பார்த்தால் இப்படி ஒரு மாணவரை உருவாக்கவே அவை அமைந்தன என்று தோன்றும். நடைமுறை வேறு. ஸ்பானியம் படிப்பவர் போர்த்துக்கீசியத்தைத் துணைத்தாளாகத் தொட்டுவிட்டு நகர்கிறார். இலக்கியம் படிப்பவர் மொழியியல் வகுப்புக்குள் போவதில்லை. மொழியியல் படிப்பவர் நாவல் பக்கம் வருவதில்லை. ஒரே பெயர்ப்பலகையின் கீழ் இருமொழிப் பிளவும் இருதுறைப் பிளவும் அருகருகே கிடக்கின்றன. இந்த இணைப்புக்கு அறிவுசார்ந்த நியாயம் உண்டா, உண்டென்றால் அது எங்கே இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

1. சேர்த்து வைத்தவை எவை

வழக்கமாகச் சொல்லப்படும் முதல் நியாயம் மொழி உறவு. இரண்டும் ஐபீரியத் தீபகற்பத்தில் இலத்தீனிலிருந்து பிறந்தவை. சொற்களில் பெரும்பகுதி பொது. ஒன்றைக் கற்றவருக்கு மற்றது பாதி தெரிந்ததுபோல என்பார்கள். 1989-இல் ஜான் ஜென்சன் ‘ஹிஸ்பானியா’ இதழில் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. லத்தீன் அமெரிக்க ஸ்பானியம் பேசுவோரும் பிரேசில் மக்களும் ஒருவர் பேச்சை மற்றவர் ஏறக்குறைய 50 முதல் 60 விழுக்காடு புரிந்துகொண்டார்கள். பிரேசில்காரர்களுக்கு ஸ்பானியம் சற்றுக் கூடுதலாகப் புரிந்தது. இந்த ஏற்றத்தாழ்வுக்கு ஒலியமைப்பில் காரணம் தேடலாம். ஸ்பானியத்தில் உயிரொலிகள் ஐந்தே. பிரேசிலின் போர்த்துக்கீசியத்தில் அழுத்தம் பெறும் இடத்தில் ஏழும், அவற்றோடு மூக்கொலி உயிர்கள் ஐந்தும் உண்டு. பன்னிரண்டு கேட்டுப் பழகிய காது ஐந்தை எளிதில் பிடிக்கும். ஐந்தோடு வளர்ந்த காது பன்னிரண்டில் திணறும். ஆக, மொழி உறவு உண்மைதான். ஆனால் அதை மட்டும் வைத்து ஒரு துறை கட்டுவதென்றால் கத்தலானியமும் இத்தாலியமும் ஏன் வெளியே நிற்கின்றன என்ற கேள்விக்கு விடை இல்லை.

இரண்டாவது நியாயம் வரலாறு சார்ந்தது. இது இன்னும் வலுவானது என்பது என் கருத்து. 13-ஆம் நூற்றாண்டில் காஸ்தீல் நாட்டை ஆண்ட பத்தாம் அல்ஃபோன்சோ, சட்டத்தையும் வரலாற்றையும் காஸ்தீலிய உரைநடையில் எழுதுவித்தார். அவர் அவையில் கன்னி மரியாள் மீது தொகுக்கப்பட்ட நானூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள் காலீசிய–போர்த்துக்கீசியத்தில் உள்ளன. ஒரே அரசர், ஒரே அவை. உரைநடைக்கு ஒரு மொழி, பாட்டுக்கு இன்னொன்று. ஜில் விசென்டே நாடகங்களை இரு மொழியிலும் எழுதினார். சில நாடகங்களில் பாத்திரத்துக்குப் பாத்திரம் மொழி மாறும். ‘தியானா’ என்ற முல்லைநிலப் புனைகதையை 1559 அளவில் காஸ்தீலியத்தில் தந்த ஹோர்ஹே தெ மொந்தேமயோர் பிறப்பால் போர்த்துக்கீசியர். ‘தோன் கிஹோத்தே’ மத்ரித்தில் வெளிவந்த அதே 1605-இல் லிஸ்பனிலும் அச்சானது. இந்த மனிதர்களை ‘ஸ்பானிய இலக்கியம்’, ‘போர்த்துக்கீசிய இலக்கியம்’ என்று இரண்டு அலமாரிகளில் பிரித்து அடுக்கியது 19-ஆம் நூற்றாண்டின் தேசிய இலக்கிய வரலாறு. அதற்கு விலக்காக நின்றவர்களும் உண்டு. பெர்லினில் பிறந்து போர்த்துகலில் வாழ்ந்த கரோலினா மிஷேலிஸ் தெ வாஸ்கொன்செலோஸ் 1904-இல் ‘அஜுதா’ பாடற்சுவடியைப் பதிப்பித்தார். அவருக்குத் தீபகற்பத்தின் இரு மொழிகளும் ஒரே வயல்.

ஆனால் துறைகளை நிறுவியவர்கள் இந்த நியாயங்களைப் பார்த்து நிறுவவில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நடந்ததைப் பார்த்தால் இது விளங்கும். ஹார்வர்டில் ஜார்ஜ் டிக்னர் 1819-இல் ஸ்பானிய, பிரெஞ்சு மொழிகளுக்கான பேராசிரியராகப் பொறுப்பேற்றார். அவருடைய ‘ஸ்பானிய இலக்கிய வரலாறு’ 1849-இல் மூன்று தொகுதிகளாக வந்தது. போர்த்துக்கீசியம் அந்தக் கட்டடத்துக்குள் நுழைய வெகுகாலம் ஆயிற்று. 1917-இல் தொடங்கிய ஸ்பானிய ஆசிரியர் சங்கம், தன் பெயரில் போர்த்துக்கீசியத்தையும் சேர்த்துக்கொண்டது 1944-இல். உலகப்போர் நடந்துகொண்டிருந்தது, பிரேசில் நேச நாடுகளின் பக்கம் இருந்தது. 1958-இல் சோவியத் செயற்கைக்கோளின் அதிர்ச்சியில் வந்த தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தின் கீழ், உடனடித் தேவையுள்ளவை என்று அரசு முன்னுரிமை தந்த ஆறு மொழிகளில் போர்த்துக்கீசியமும் ஒன்று. அரபு, சீனம், ஜப்பானியம், ருஷ்யம், இந்தி–உருது ஆகியவை மற்ற ஐந்து. மறு ஆண்டே கியூபப் புரட்சி. லத்தீன் அமெரிக்க ஆய்வுக்குப் பணம் பெருகியது.

போர்த்துக்கீசியம் இந்தக் குடும்பத்துக்குள் வந்தது இரண்டு முறையும் அரசின் தேவையால். அரசின் தேவை தணிந்ததும் அதன் இடமும் சுருங்கியது. நவீன மொழிச் சங்கத்தின் 2016-ஆம் ஆண்டுக் கணக்குப்படி அமெரிக்கக் கல்லூரிகளில் ஸ்பானியம் படித்தவர்கள் ஏறத்தாழ 7,12,000 பேர்; போர்த்துக்கீசியம் படித்தவர்கள் 10,000-ஐ எட்டவில்லை. இப்படிப்பட்ட எடையில் துறைப்பெயரில் நிற்கும் ஒரு காற்புள்ளி இரண்டையும் சமமாக நிறுத்திவிடாது.

2. மொழி ஒருபுறம், இலக்கியம் ஒருபுறம்

மேலே சொன்ன எண்ணிக்கையின் விளைவு இன்னொன்றும் உண்டு. லட்சக்கணக்கான இளங்கலை மாணவர்களுக்குத் தொடக்க நிலை ஸ்பானியம் கற்பிப்பவர்களில் பெரும்பகுதியினர் முனைவர் பட்ட மாணவர்களும் ஒப்பந்த ஆசிரியர்களும். வாரம் சில மணி நேரம் வினைத்திரிபு கற்பித்து, அந்த உதவித்தொகையில் தம் ஆய்வை நடத்துகிறார்கள். பேராசிரியர்கள் மேல் வகுப்பில் நாவலும் கவிதையும் நடத்துகிறார்கள். இந்த இரண்டடுக்கு அமைப்பைத்தான் நவீன மொழிச் சங்கத்தின் 2007 அறிக்கை வெளிப்படையாகக் கண்டித்தது. கீழடுக்கில் மொழி, மேலடுக்கில் இலக்கியம், இரண்டுக்கும் நடுவே ஏணி இல்லை என்பது அதன் குறை. அந்த அறிக்கையின் கண்டனம் சரி. ஆனால் அதன் நோக்கம் இளங்கலைப் படிப்பைச் சீர்செய்வது. ஆய்வு மட்டத்தில் மொழியியலும் இலக்கியமும் விலகிப் போனதைத் தனியே பார்க்க வேண்டும்.

அவை எப்போதும் விலகியிருக்கவில்லை. மத்ரித்தில் 1910-இல் தொடங்கிய வரலாற்றாய்வு மையத்தில் ரமோன் மெனெந்தெஸ் பிடால் வளர்த்த பள்ளி ‘பிலாலஜி’ என்ற பழைய படிப்பின் பள்ளி. சுவடியைப் படி, சொல்லின் வரலாற்றைத் தேடு, பிறகு கவிதையைப் பற்றிப் பேசு என்பது அதன் ஒழுங்கு. நம்மிடையே சுவடிப் பதிப்பில் ஊறியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. அவருடைய மாணவரான அமாதோ அலோன்சோவை நினைத்துப் பாருங்கள். 1927-இல் புவெனஸ் ஐரிஸ் சென்று மொழிநூல் நிறுவனத்தின் பொறுப்பை ஏற்றார். 1940-இல் நெரூதாவின் கவிதை நடை பற்றி ஒரு முழுநூல் எழுதினார். நெரூதாவுக்கு அப்போது 36 வயது. 1945-இல் சசூரின் மொழியியல் பாடநூலை ஸ்பானியத்தில் தந்தார். ஸ்பானிய உச்சரிப்பு இடைக்காலத்திலிருந்து இக்காலத்துக்கு மாறிய வரலாற்றை வாழ்நாள் வேலையாகச் செய்தார். அது அவர் இறந்தபின் நூலாகியது. கவிதையும் ஒலியும் கோட்பாடும் ஒரே மேசையில் இருந்தன. உள்நாட்டுப் போர் அந்தப் பள்ளியைச் சிதறடித்தது. ஒலியியலாளர் நவாரோ தொமாஸ் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும், அமெரிக்கோ காஸ்த்ரோ பிரின்ஸ்டனிலும், அலோன்சோ கடைசியில் ஹார்வர்டிலும் பணியாற்றினார்கள். அமெரிக்கத் துறைகளுக்கு இது பெரும்பேறு.

அடுத்த தலைமுறையில் மொழியியல் தன் வழியே போயிற்று. 1957-க்குப் பின் சாம்ஸ்கியின் தாக்கத்தால் பேசுபவரின் உள்ளறிவே ஆய்வுப்பொருள் ஆனது. பழைய ஏடு பின்தள்ளப்பட்டது. இலக்கிய ஆய்வோ முதலில் கோட்பாட்டுக்கும் பிறகு பண்பாட்டு ஆய்வுக்கும் நகர்ந்தது. இரண்டும் தத்தம் வழியில் வளர்ந்தன என்பதை மறுக்க முடியாது. அவற்றுக்கிடையே ஒரு நிலம் உழவின்றிக் கிடப்பதுதான் என் கவலை.

3. உயிரெழுத்து இல்லாத பாட்டு

அந்த நிலம் எப்படிப்பட்டது என்பதை இரண்டு இடங்களில் நின்று பார்க்கலாம்.

முதலாவது, தோன் கிஹோத்தேயின் பேச்சு. வீட்டைவிட்டுக் கிளம்பிச் சத்திரத்து வாசலில் அவர் முதலில் பேசும்போது, அங்கிருக்கும் பெண்களுக்கு அவர் மொழி புரியவில்லை, சிரிக்கிறார்கள். காரணங்களில் ஒன்று ஒலி. இலத்தீனில் ‘ஃப’வில் தொடங்கிய பல சொற்கள் ஸ்பானியத்தில் அந்த ஒலியை இழந்தன. அழகிய பெண்ணைக் குறிக்கும் ‘ஃபெர்மோசா’ ‘எர்மோசா’ ஆயிற்று. செய்தலைக் குறிக்கும் ‘ஃபசேர்’ ‘அசேர்’ ஆயிற்று. நூலாசிரியர் செர்வான்டஸின் காலத்தில் ஃபகரத்தோடு பேசுவது பழங்கதை வீரர்களின் மொழி. கிஹோத்தே உணர்ச்சிவசப்படும்போதெல்லாம் அந்த ஃபகரம் திரும்பி வருகிறது. பாத்திரத்தின் பைத்தியத்தை ஆசிரியர் ஓர் ஒலியால் காட்டுகிறார். இப்போது இதைப் போர்த்துக்கீசியம் அறிந்தவர் படிப்பதாக வைத்துக்கொள்வோம். அவர் மொழியில் அந்த ஃபகரம் போகவே இல்லை. ‘ஃபசேர்’ என்பது அன்றாடச் சொல், ‘ஃபொர்மோசா’விலும் ஃபகரம் அப்படியே நிற்கிறது. ஸ்பானிய ஒலி வரலாறு தெரியாவிட்டால் அவருக்கு இந்த இடத்தின் விநோதம் காதில் விழாது. மொழி உறவு ஏமாற்றும் இடம் இது. அதே மாணவருக்கு வேறோர் இடத்தில் உறவு கைகொடுக்கும். எதிர்காலத்தில் நிகழக்கூடியதைச் சொல்லும் ஒரு வினைவடிவம் ஸ்பானியத்தில் இன்று பெரும்பாலும் சட்ட வாசகங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. போர்த்துக்கீசியத்தில் குழந்தையும் அதைப் பேசும். 16-ஆம் நூற்றாண்டு ஸ்பானிய நூலில் ஸ்பானிய மாணவர் தடுக்கி நிற்கும் வரியைப் போர்த்துக்கீசிய மாணவர் தயக்கமின்றிக் கடந்துவிடுவார்.

இரண்டாவது சான்று இன்னும் ஆழமானது. 1948-இல் சாமுவேல் ஸ்டெர்ன் ‘அல்-அந்தலுஸ்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். முஸ்லிம் ஆட்சியில் இருந்த தென் ஸ்பெயினில் வளர்ந்த ‘முவஷ்ஷஹ்’ என்ற பாவகையில் இறுதி அடிகளுக்குக் ‘கர்ஜா’ என்று பெயர். எபிரேய மொழியில் எழுதப்பட்ட முவஷ்ஷஹுகளில் இருபது கர்ஜாக்கள் எபிரேயமும் இல்லை, அரபும் இல்லை, அக்காலப் பேச்சு ரொமான்ஸ் மொழி என்று அவர் காட்டினார். அவற்றில் பழையவை 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அதுவரை ஸ்பானிய இலக்கிய வரலாறு 1200-ஐ ஒட்டிய ‘சித்’ காப்பியத்தோடு தொடங்கியது. ஒரு கட்டுரை அந்தத் தொடக்கத்தை ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு முன்னால் தள்ளிவிட்டது. போர்க்களத்து ஆண் குரலோடு தொடங்கிய இலக்கியம், காதலனைப் பிரிந்து தாயிடம் முறையிடும் பெண் குரலோடு தொடங்கலாயிற்று. தலைவி கூற்றில் பழகிய தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் மனம் நெகிழும். வரலாற்றுத் தொடர்பு எதுவும் இல்லை. ஆனாலும் அந்தக் குரலை நாம் உடனே அடையாளம் காண்கிறோம். 1949-இல் தாமாசோ அலோன்சோ இவற்றை ஐரோப்பியத் தன்னுணர்ச்சிப் பாட்டின் இளவேனில் என்ற பொருளில் கொண்டாடினார். காலீசிய–போர்த்துக்கீசியத்தில் பெண் குரலில் அமைந்த தோழமைப் பாடல்களோடு உறவு தேடும் கட்டுரைகள் பெருகின. இரு மொழித்துறையும் ஒன்றாக இருப்பதற்கு இதைவிடச் சிறந்த காரணம் கிடைக்காது என்றே தோன்றியது.

சிக்கல் எழுத்தில் இருந்தது. இந்த ரொமான்ஸ் வரிகள் எபிரேய, அரபு லிபிகளில் எழுதப்பட்டவை. அவற்றில் மெய்யெழுத்துகள் மட்டுமே உறுதி. உயிரொலிகளைப் படிப்பவர் நிரப்ப வேண்டும். போதாக்குறைக்கு, புரியாத மொழியைப் படியெடுத்தவர்கள் புள்ளிகளை இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள். அரபு எழுத்தில் ஒரு புள்ளி இடம் மாறினால் ஓரெழுத்து இன்னோர் எழுத்தாகிவிடும். நம் ஏட்டுச்சுவடிகளில் மெய்க்குப் புள்ளி இடாததும், எகர ஏகார வேறுபாடு தெரியாததும் பதிப்பாசிரியர்களைப் படுத்திய பாட்டை அறிந்தவர்களுக்கு இந்தத் துயரம் விளங்கும். எமிலியோ கார்சியா கோமஸ் 1965-இல் அரபு வரிசைக் கர்ஜாக்களைத் தொகுத்து, தடையில்லாமல் ஓடும் அழகான ஸ்பானிய வரிகளாகப் படித்துக் காட்டினார். ஆலன் ஜோன்ஸ் 1988-இல் அவற்றை எழுத்தெழுத்தாகச் சுவடியிலிருந்து மீண்டும் படித்தார். பல இடங்களில் ‘காதல் வரி’ என்று கொண்டாடப்பட்டது, பதிப்பாசிரியர் ஊகித்துச் சேர்த்த உயிரொலிகளின் மேல் நின்றது தெரியவந்தது. சில சொற்கள் ரொமான்ஸா, பேச்சு அரபா என்பதே விவாதப்பொருள் ஆயிற்று.

இந்த விவாதத்தில் இலக்கியவாதி பக்கமா, மொழியியலாளர் பக்கமா என்று கேட்பதற்கே இடமில்லை. ‘இது பெண்ணின் குரல்’ என்ற இலக்கியத் தீர்ப்பு, ‘இந்த மெய்க்குப் பின் இந்த உயிர்’ என்ற மொழியியல் தீர்ப்பின்மேல் நிற்கிறது. மறுபக்கமும் உண்மை. யாப்பும் பாவகையின் மரபும் தெரியாதவர் எந்த உயிரை நிரப்புவது என்று முடிவு செய்ய முடியாது. 11-ஆம் நூற்றாண்டு ரொமான்ஸ் பேச்சுக்குக் கிடைக்கும் அரிய சான்றுகளில் ஒன்று ஒரு காதல் பாட்டின் கடைசி வரி. இங்கே இரண்டு படிப்பும் ஒன்றுதான். இதைக் கண்டுபிடித்தவர் அரபும் எபிரேயமும் கற்றவர் என்பதையும் துறைகள் கவனத்தில் கொள்ள வேண்டும். இரண்டு மொழிகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் கண்ணில் அது படவில்லை.

பிரேசில் பக்கம் ஒரு சான்று சொல்லிவிட்டு நகர்கிறேன். மஷாதோ தெ அசீஸின் ‘தோம் கஸ்முர்ரோ’ 1899-இல் அச்சானது. மனைவி தன்னை ஏமாற்றினாள் என்று கணவன் சொல்லும் கதையை ஏறக்குறைய அறுபதாண்டுகள் வாசகர் பெரும்பாலோர் அப்படியே நம்பினார்கள். 1960-இல் ஹெலன் கால்டுவெல், சட்டம் படித்த அந்தக் கணவனின் சொல்லையே வழக்காகக் கொண்டு விசாரித்து, அந்தப் பெண் குற்றமற்றவள் என்று வாதிட்டார். அவர் 1953-இல் அந்நாவலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். ஒவ்வொரு சொல்லையும் கையில் எடுத்து எடைபார்த்த பின்னரே அந்த வாசிப்பு பிறந்தது.

4. மூன்றாவது மொழி

ஸ்பானியமும் போர்த்துக்கீசியமும் சந்திக்கும் இடங்களில் பெரும்பாலும் மூன்றாவது மொழி ஒன்று நிற்கிறது. அந்தலூசியாவில் அரபு. உருகுவாயின் வடக்கு எல்லையில் இரு மொழியும் கலந்த பேச்சை 1960-களில் ஹொசே பெத்ரோ ரோனா கிளைமொழியாக ஆராய்ந்தார். அதே பேச்சில் 2010-இல் ஃபபியான் செவேரோ கவிதைத் தொகுப்பு வெளியிட்டார். பிரேசிலின் வில்சன் புவெனோ 1992-இல் ‘மார் பராகுவாயோ’ என்ற சிறு நாவலை இரு மொழிக் கலப்பில் எழுதினார். அதற்குள் பழங்குடி மொழியான குவரானி ஊடுருவி ஓடுகிறது. அந்த நாவலைப் படிக்க எந்த ஒரு மொழியின் இலக்கணமும் போதாது.

இந்த மூன்றாவது மொழி வரிசையில் தமிழ் இருக்கிறது, அதுவும் மிகத் தொடக்கத்திலேயே. ஹென்றிக்கே ஹென்றிக்கஸ், நாம் அண்டிரிக் அடிகளார் என்று அறிபவர், போர்த்துகலின் அலென்தேஜோ பகுதியில் வீலா வீசோசாவில் 1520-இல் பிறந்தவர். யூத மரபிலிருந்து கிறித்துவத்துக்கு வந்த குடும்பம். 1546-இல் இந்தியா வந்து முத்துக்குளித்துறைப் பரதவரிடையே வாழ்ந்தார். 1549 அளவில் அவர் எழுதிய தமிழ் இலக்கணக் கையெழுத்துப் படி லிஸ்பன் தேசிய நூலகத்தில் உள்ளது. ஒப்பிட்டுப் பார்த்தால் அதன் காலம் வியப்பூட்டும். நெப்ரிஹாவின் காஸ்தீலிய இலக்கணம் 1492. போர்த்துக்கீசியத்தின் முதல் இலக்கணம், ஃபெர்னாவ் தெ ஒலிவெய்ராவுடையது, 1536. ஜுவாவ் தெ பாரோஸின் இலக்கணம் 1540. கெச்சுவா மொழிக்கு தொமிங்கோ தெ சாந்தோ தொமாஸின் இலக்கணம் 1560-இலும், பிரேசில் கடற்கரையின் துப்பி மொழிக்கு அன்ஷியெத்தாவின் இலக்கணம் 1595-இலும் அச்சாயின. போர்த்துக்கீசிய மொழி தன்னைப் பற்றிய இலக்கணத்தை எழுதத் தொடங்கிப் பதின்மூன்று ஆண்டுகளுக்குள், அம்மொழியில் தமிழுக்கு ஓர் இலக்கணம் எழுதப்பட்டுவிட்டது.

இந்நூலை ஹான்ஸ் ஃபெர்மேர் 1982-இல் பதிப்பித்தார். ஜீன் ஹைனும் வி.எஸ். ராஜமும் ஆங்கில மொழிபெயர்ப்போடும் விரிவான ஆய்வோடும் 2013-இல் ஹார்வர்டு வரிசையில் வெளியிட்டார்கள். தமிழாய்வுக்கு இது பெருங்கொடை. 16-ஆம் நூற்றாண்டின் கடற்கரைப் பேச்சுத் தமிழுக்கு இத்தனை நெருக்கமான சாட்சி நமக்கு வேறு வாய்த்ததில்லை. ஆனால் போர்த்துக்கீசியப் படிப்பில் இந்நூலின் இடம் என்ன? இலக்கிய மாணவருக்கு இதில் இலக்கியம் இல்லை. இன்றைய பேச்சை ஆராயும் மொழியியல் மாணவருக்கு இது பழைய ஏடு. இரு பிரிவுக்கும் நடுவே விழுந்துவிடும் நூல்களில் இதுவும் ஒன்று.

விழக்கூடாத நூல் என்பதற்குக் காரணத்தை ஒரு சிறு சொல்லால் காட்டலாம். சாவி. இலத்தீனின் ‘க்லாவிஸ்’ ஸ்பானியத்தில் ‘யாவே’ ஆனது, போர்த்துக்கீசியத்தில் ‘ஷாவி’ ஆனது. நம் சொல் போர்த்துக்கீசியம் வழி வந்தது என்பதில் ஐயமில்லை. அது எந்தக் காலத்து உச்சரிப்பிலிருந்து வந்தது? இன்று லிஸ்பனில் அச்சொல்லின் முதல் ஒலி ஷகரம். 16-ஆம் நூற்றாண்டில் அது ‘பச்சை’யில் வரும் சகரத்தைப் போன்ற வல்லொலி, போர்த்துகலின் வடபகுதிக் கிளைமொழிகளில் இன்றும் அப்படிக் கேட்கலாம். தமிழ்ச் சாவி அந்தப் பழைய வல்லொலியின் எச்சம் என்று சொல்லிவிட ஆசையாக இருக்கிறது. ஆனால் தமிழ்ச் சான்று மட்டும் போதாது. நம் எழுத்தில் ஷகரம் இயல்பாக இல்லை. வந்தது எந்த ஒலியாக இருந்தாலும் சகரமாகவே எழுதியிருப்போம். இங்கே இந்தி உதவிக்கு வருகிறது. சகரத்தையும் ஷகரத்தையும் துலக்கமாகப் பிரிக்கும் இந்தியில் இச்சொல் ‘ச்சாபி’ என்று வல்லொலியோடு நிற்கிறது. கடனாகப் பெற்றபோது போர்த்துக்கீசியத்தில் அந்த வல்லொலி உயிரோடு இருந்தது என்பதற்கு இந்தியச் சான்று உண்டு. அதைத் தருவது தமிழும் இந்தியும் சேர்ந்து, தமிழ் தனியாக அல்ல.

இதைத் திருப்பிப் போட்டால் அடிகளாரின் இலக்கணத்தை எப்படிப் படிப்பது என்பது தெரியும். அவர் தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்திலும் எழுதுகிறார். அந்த எழுத்துகளுக்கு மதிப்பு, 1520-இல் அலென்தேஜோவில் பிறந்த ஒருவரின் நாவில் அவை பெற்ற ஒலி. இன்றைய லிஸ்பன் உச்சரிப்பை வைத்து அவற்றைப் படித்தால் முத்துக்குளித்துறையின் புன்னைக்காயலில் 1549-இல் தமிழ் எப்படி ஒலித்தது என்ற முடிவு தவறிப்போகும். போர்த்துக்கீசிய ஒலி வரலாறு தெரியாமல் தமிழ் ஒலி வரலாற்றின் இந்த அத்தியாயத்தை எழுத முடியாது. தமிழ் தெரியாமல் போர்த்துக்கீசிய ஒலி வரலாற்றுக்கு இந்த நூல் தரும் சான்றைப் பயன்படுத்தவும் முடியாது.

5. எதிர்வாதங்கள்

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ரிக்கார்தோ ஒத்தேகியும் அனா செலியா சென்டெல்லாவும் 2012-இல் வெளியிட்ட, நியூயார்க் நகர ஸ்பானியம் பற்றிய ஆய்வை எடுத்துக்கொள்வோம். குடியேறிய மக்களின் பேச்சில் ‘நான்’, ‘நீ’ போன்ற எழுவாய்ச் சொற்கள் எங்கே வெளிப்படுகின்றன, எங்கே மறைகின்றன என்பதை எண்ணி, தலைமுறைக்குத் தலைமுறை அது மாறுவதைக் காட்டுகிறார்கள். சிறந்த ஆய்வு, வாழும் மக்களின் மொழிக்கு மதிப்பளிக்கும் ஆய்வு. இதைச் செய்ய செர்வான்டஸ் தேவையில்லை. அதுபோலவே கொலம்பியாவின் வன்முறையைப் பற்றிய நாவல்களை ஆராய்பவருக்கு மூக்கொலி உயிர்களின் வரலாறு தேவையில்லை. எல்லாரும் எல்லாமும் படிக்க வேண்டும் என்றால் முனைவர் பட்டம் பத்தாண்டு ஆகும். உதவித்தொகை ஐந்தாண்டிலேயே முடிந்துவிடும்.

இந்த மறுப்பை நான் ஏற்கிறேன். ஒவ்வொரு மாணவரையும் இரண்டு மொழியிலும் இரண்டு பிரிவிலும் அரைகுறையாக நிறுத்துவதால் யாருக்கும் பயனில்லை. என் வாதம் துறையின் நியாயம் பற்றியது. மொழி உறவை மட்டும் காட்டி இந்த இணைப்பைக் காக்க முடியாது. எண்ணிக்கை போர்த்துக்கீசியத்தை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். கர்ஜாவும் கிஹோத்தேயின் ஃபகரமும் அடிகளாரின் இலக்கணமும் போன்ற நூல்கள்தான் இதைக் காக்கும். ஒரு பிரிவின் கருவியால் மட்டும் திறக்க முடியாத பூட்டுகள் அவை. இவற்றை விருப்பப் பாடமாக ஓரத்தில் வைப்பதை விட்டு, முதலாண்டில் இரு பிரிவு மாணவரும் சேர்ந்து உட்காரும் வகுப்பில் வைக்க வேண்டும். ஒரே ஏடு, ஒரு மொழியியலாளரும் ஓர் இலக்கிய ஆசிரியரும் சேர்ந்து நடத்தும் ஒரு பருவம். அமாதோ அலோன்சோ போன்ற ஒருவரை இனி ஒரு துறையால் உருவாக்க முடியாமல் போகலாம். அவரோடு பேசத் தெரிந்த இருவரை உருவாக்கலாம்.

இந்தியாவில் இக்கேள்வியின் எடை இன்னும் கூடுதல். ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஸ்பானியம், போர்த்துக்கீசியம், இத்தாலியம், லத்தீன் அமெரிக்க ஆய்வு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு மையம் உள்ளது. கோவா பல்கலைக்கழகத்தில் போர்த்துக்கீசிய முதுகலைப் படிப்பு உண்டு. நம் மாணவருக்கு மூன்றாவது மொழி பிறப்பிலேயே கிடைத்துவிடுகிறது. மத்ரித்திலோ விஸ்கான்சினிலோ ஒருவர் ஆண்டுக்கணக்கில் உழைத்துப் பெற வேண்டிய தமிழ்க் காதோ கொங்கணிக் காதோ இவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஸ்பானியமும் போர்த்துக்கீசியமும் அறிந்த தனிநாயகம் அடிகள், அந்தாவ் தெ ப்ரோயென்சாவின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதியை வத்திக்கான் நூலகப் படியிலிருந்து 1966-இல் கோலாலம்பூரில் நகல் பதிப்பாக வெளியிட்டார். அம்பலக்காட்டில் 1679-இல் அச்சான அந்த அகராதியில் ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் போர்த்துக்கீசியம். இரண்டையும் ஒருசேரப் படிக்கும் ஆய்வேடுகள் நம் பல்கலைக்கழகங்களிலிருந்து வர வேண்டும் என்று ஏங்குவது மிகையான ஆசையாகாது.

தகுதித் தேர்வுக்கு ஒரு வினாத்தாள் அமைக்கச் சொன்னால் நான் நீண்ட நூற்பட்டியல் தரமாட்டேன். 1554 பிப்ரவரி 11-இல் லிஸ்பனில் அச்சான தமிழ்–போர்த்துக்கீசியச் சிறுநூல் ‘கார்த்தில்யா’விலிருந்து ஒரு பக்கத்தை வைப்பேன். அதைச் செய்து தந்தவர்கள் வின்சென்டே தெ நசரே, ஜோர்ஜ் கர்வாலோ, தோமா த குரூஸ் என்ற பெயர்களைத் தாங்கிய மூன்று தமிழர்கள். செபங்கள் தமிழில், எழுத்து ரோமன், கூடவே சொல்லுக்குச் சொல் போர்த்துக்கீசியம். மாணவருக்கு மூன்று மணி நேரம். கேள்விகள் இவை: ழகரத்தையும் ளகரத்தையும் றகரத்தையும் அம்மூவரும் எந்தெந்த எழுத்தால் எழுதினார்கள்? ஏன் அந்த எழுத்து? போர்த்துக்கீசிய வரி எங்கே தமிழ் வாக்கிய அமைப்புக்கு வளைகிறது, எங்கே தமிழ் வரி போர்த்துக்கீசியத்துக்கு வளைகிறது? இந்தப் பக்கத்தை யார், எந்தக் குரலில், யாருக்காக வாசித்திருப்பார்கள்?